சப்ட்ரீயாகச் சேர்த்த பொது லைப்ரரி, ரீபேஸ் செய்ததும் ரூட்டில் வந்து கொட்டுவது ஏன்?

கிட்டில் சப்ட்ரீ என்பது இன்னொரு ரெப்போவை உங்கள் ரெப்போவின் ஒரு ஃபோல்டருக்குள் சேர்ப்பது. ரீபேஸ் என்பது உங்கள் கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவது. இங்கே அந்த ரீபேஸ்தான் காரணம். சேர்த்தபோது இதைப் போன்ற கட்டளையைத்தான் கொடுத்திருப்பீர்கள்:

கிட் சப்ட்ரீ ஆட் --ப்ரிஃபிக்ஸ்=லிப்/பொது பொதுமூலம் மெயின் --ஸ்குவாஷ்

இது இரண்டு கமிட் போடும். முதலாவது, லைப்ரரியின் வரலாறு முழுவதையும் ஒன்றாகச் சுருக்கியது. அதில் ஃபைல்கள் ரூட்டில்தான் (மேல்மட்ட ஃபோல்டரில்) இருக்கும். அவற்றை லிப்/பொது-க்குள் கொண்டுபோய் வைப்பது இரண்டாவதாக வரும் மெர்ஜ் கமிட் (இரண்டு வரலாறுகளை இணைக்கும் கமிட்). ரீபேஸ் வழக்கமாக மெர்ஜ் கமிட்டுகளை உதிர்த்துவிடும். சுமந்துபோக வேண்டிய ஆள் இல்லை. சாமான் வாசலிலேயே கிடக்கிறது.

இன்னும் புஷ் செய்யவில்லையென்றால் பிழைத்தீர்கள். கிட் ரெஃப்லாக்கில் (உங்கள் கிளை முன்பு எங்கெல்லாம் இருந்தது என்ற பதிவு) ரீபேஸுக்கு முந்தைய கமிட்டைப் பிடித்து ரீசெட் --ஹார்ட் கொடுங்கள் (கமிட் ஆகாத வேலை இருந்தால் போய்விடும், முதலில் ஸ்டாஷ் செய்து தனியே எடுத்து வையுங்கள்). பிறகு மெயினோடு சேர்க்க ரீபேஸுக்குப் பதில் மெர்ஜ். ரீபேஸ்தான் வேண்டுமென்றால் சொந்தக் கமிட்டுகளை முதலில் ரீபேஸ் செய்துவிட்டு, சப்ட்ரீ ஆட் அல்லது சப்ட்ரீ புல்லை (லைப்ரரியின் புதிய மாற்றங்களை இழுப்பது) கடைசியில் புதிதாக ஓட்டுங்கள்.

இதைவிட நைசாகக் கழுத்தறுப்பது கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்டில் இருக்கும் 'ஸ்குவாஷ் அண்ட் மெர்ஜ்' பட்டன். அது கிளையின் கமிட்டுகளையெல்லாம் ஒன்றாக்கிவிடும். சப்ட்ரீ ஆட் போட்ட, சுருக்கிய கமிட்டின் செய்தியைத் திறந்து பாருங்கள்: கிட்-சப்ட்ரீ-டிர், கிட்-சப்ட்ரீ-ஸ்ப்ளிட் என்று இரண்டு வரி இருக்கும். எந்த ஃபோல்டர், லைப்ரரியின் எந்தக் கமிட் வரை வந்தது என்பதற்கு --ஸ்குவாஷ் முறையில் சப்ட்ரீக்கு இருக்கும் ஞாபகம் அவ்வளவுதான். தனி கான்ஃபிக் ஃபைல் கிடையாது. பட்டன் அந்தக் கமிட்டையே வரலாற்றிலிருந்து கழற்றிவிடும். தொலைந்தது ஆட் என்றால் அடுத்த புல்லில் 'வாஸ் நெவர் ஆடட்' என்று நிற்கும். தொலைந்தது ஒரு புல் என்றால் பழைய இடத்திலிருந்தே கணக்கிடும். ஏற்கெனவே வந்த வரிகளிலேயே கான்ஃபிளிக்ட் வரும். சப்ட்ரீ இருக்கும் கிளைக்கு 'கிரியேட் எ மெர்ஜ் கமிட்' மட்டும்தான்.

--ஸ்குவாஷ் போட்டுச் சேர்த்ததைப் பிறகு அது இல்லாமல் புல் செய்யாதீர்கள். இரண்டுக்கும் பொது மூதாதைக் கமிட் இல்லாததால் 'அன்ரிலேட்டட் ஹிஸ்டரீஸ்' என்று மறுத்துவிடும்.

லைப்ரரித் திருத்தத்தைத் திருப்பி அனுப்ப சப்ட்ரீ புஷ். ஆப், லைப்ரரி இரண்டையும் ஒரே கமிட்டில் தொட்டிருந்தால் லைப்ரரிப் பாதி மட்டும் போகும், ஆனால் 'லாகின் பட்டன் நிறம் மாற்றம்' போன்ற ஆப்பின் கமிட் செய்தியும் கூடவே போகும். தனித்தனியாகவே கமிட் செய்யுங்கள். பெரிய ரெப்போவில் புஷ் நிமிடக்கணக்கில் ஓடினால், வரலாறு முழுவதையும் நடந்து பார்க்கிறது என்று அர்த்தம். ஒருமுறை சப்ட்ரீ ஸ்ப்ளிட் --ரீஜாயின் (பிரித்த லைப்ரரி வரலாற்றை மறுபடி மெர்ஜ் செய்து குறித்துவைப்பது) கொடுத்தால் அடுத்த தடவை அங்கிருந்து தொடங்கும்.