வாசகர் கேள்வி – பதில்: சீருடையும் செக்ரோலும்

கேள்வி: ஐயா, நான் சிறுகதை எழுதிப் பழகுபவன். 2090ஆம் ஆண்டில் நடப்பதாக ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இலங்கை மலைநாட்டின் ஆறுகளும் மின்சாரமும் ஓர் ஆணையத்தின் கையில் இருக்கின்றன. அதற்குச் சொந்தப் படையும் உண்டு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்த 19 வயது இளைஞன் ஒருவன் அந்தப் படையில் சேர்கிறான். புதிய நீர்த்தேக்கம் ஒன்றுக்காக அவனுடைய தோட்டத்து மக்களையே வெளியேற்றும்படி கட்டளை வருகிறது. துப்பாக்கியை வீசிவிட்டு அவன் மக்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. அவனை எந்தப் பக்கம் நிறுத்துவது?
– வாசகர், தலவாக்கலை

பதில்: உங்கள் மனம் ஒப்பாதது நியாயமே. துப்பாக்கியை வீசும் முடிவு வாசகருக்கு ஆறுதல் தரும். ஆனால் அந்த இளைஞன் அதை ஏன் கையில் எடுத்தான் என்பதற்கு அது பதில் சொல்லாது. அவனை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று யோசிக்கும் முன், இரண்டு பக்கமும் அவனுக்கு என்ன கொடுத்தன என்பதை எழுதிப் பாருங்கள். படை அவனுக்குச் சம்பளம் மட்டுமே கொடுத்தது என்றால் அவனுடைய விசுவாசத்தில் பிளவே இல்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் போனவன் மனம் மாறித் திரும்புகிறான், அவ்வளவுதான்.

மலையகத்துப் பிள்ளைக்கு ஓர் அரசு தரக்கூடிய மிகப் பெரிய பொருள் பணம் அன்று. "நீ இந்த நாட்டவன்" என்று எழுதித் தரும் ஒரு தாள். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளியினரான நம் முன்னோரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே 1964இல் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை அவர்களுடைய விருப்பத்தைக் கேளாமலே பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும். 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றோரின் துயரைத் தீர்க்க 2003இலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இந்த நினைவு உள்ள குடும்பத்தில் பிறந்தவனுக்கு, அரச இலச்சினை பொறித்த அட்டையும் ஒரு படை இலக்கமும் கிடைக்கும் நாள் சாதாரண நாளாக இருக்க முடியாது.

லயத்தில் தனி விலாசம் இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே கிடந்து, யார் கையிலோ ஏறித் தாமதமாக வந்து சேர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் சிப்பாய்க்கு முகாமில் முதல் கடிதம் அவன் பெயருக்கே நேராக வரட்டும். அவன் அதைப் பிரிக்காமல் சற்று நேரம் உறையையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். அந்தப் படையை அவன் உண்மையாகவே நேசிக்கிறான் என்று வாசகர் நம்ப இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மறுபக்கத்துக் கடனும் அதே அளவு கனக்க வேண்டும். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட கோவிந்தனின் பெயரையும், 1977இல் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் சுடப்பட்டு இறந்த சிவனு லெட்சுமணனின் பெயரையும் அவனுடைய அப்பாயி சொல்லக் கேட்டுத்தான் அவன் வளர்ந்திருப்பான். துப்பாக்கியின் எந்த முனையில் தன் முன்னோர் நின்றார்கள் என்பது அவனுக்குத் தெரியும். இப்போது அதன் மறுமுனை அவன் கையில் இருக்கிறது.

கட்டளை வரும் காட்சியில் வெடிச்சத்தம் வேண்டாம் என்பது என் கருத்து. விடியற்காலைப் பிரட்டுக்களம் (வேலைக்கு ஆட்களைப் பேர் எடுக்கும் இடம்), பனி விலகாத நேரம். ஆட்களை எண்ணி ஏற்றிவிட லொறிகள் நிற்கின்றன. தமிழ் தெரிந்தவன் என்பதற்காக அதிகாரி, தோட்டத் தொழிலாளரின் பெயர்ப் பதிவேடான செக்ரோலை அவனிடம் நீட்டிப் பெயர்களை வாசிக்கச் சொல்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் முன்னே வருகிறார். அடுத்த பெயர் அவன் தாயினுடையது. பெற்றவளைப் பெயர் சொல்லி அழைத்த பழக்கம் நம்மிடையே எந்த மகனுக்கும் இல்லை. அவன் வாசிக்கிறானா, தாண்டிப் போகிறானா, அந்த வரியிலேயே நின்றுவிடுகிறானா என்பதில்தான் உங்கள் கதை முழுவதும் இருக்கிறது. நான் எழுதினால் அவன் வாசிப்பான். தாயும், மகனுக்குத் தொல்லை வரக்கூடாதென்று, அவனை அறியாதவள் போல "இருக்கேங்க ஐயா" என்று சொல்லி முன்னே வருவாள். இரண்டு விசுவாசமும் ஒன்றையொன்று காப்பாற்ற முயன்று இரண்டுமே காயப்படும் இடம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் தோழனை மறந்துவிடாதீர்கள். அவன் கொத்மலைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவனாக இருக்கலாம். மகாவலித் திட்டத்தின் கீழ்க் கட்டப்பட்டு 1985இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை நீர்த்தேக்கம் அவர்களுடைய வயல்களையும் விகாரைகளையும் மூழ்கடித்தது. பல குடும்பங்கள் தொலைவிலுள்ள குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தண்ணீருக்காக ஊரை இழந்த வம்சத்தின் பிள்ளையும், இப்போது இழக்கப்போகும் வம்சத்தின் பிள்ளையும் சேர்ந்து ஓர் ஊரைக் காலி செய்ய நிற்கிறார்கள். துப்பாக்கியை வீசிவிட்டு ஓடினால் தண்டனை இந்தத் தோழன் தலையில் விழும் என்றால், நண்பர்கள் சொல்லும் முடிவு அவ்வளவு தூய்மையாகத் தோன்றாது.

நீர்த்தேக்கத்தை நீங்கள் கற்பனை செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும் மாதங்களில், மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் கட்டடங்களும் சேற்றிலிருந்து வெளியே தெரிகின்றன. உங்கள் ஊரிலேயே 150 மெகாவாட் திறனுள்ள ‘மேல் கொத்மலை’ நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பின் செயின்ட் கிளேயர் அருவி எப்படி மெலிந்தது என்பதை நீங்கள் கண்ணால் கண்டவர்.

கேள்வி: ஐயா, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். படையின் சோற்றைத் தின்றவன் கட்டளையை மறுப்பதை நாம் கதைகளில் புகழலாமா?
– ஆசிரியை, பண்டாரவளை

பதில்: செஞ்சோற்றுக்கடன் என்றதும் நாம் கும்பகர்ணனைச் சொல்கிறோம். ஆனால் போர்க்களம் போகுமுன் அவன் அண்ணனிடம் சீதையை விட்டுவிடு, நீ செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொன்னான் என்பதை வகுப்பறையில் பெரும்பாலும் தாண்டிவிடுகிறோம். உண்ட சோறு அவன் வாயை அடைக்கவில்லை. அதே வீட்டில் பிறந்த விபீடணன் பிரிந்து சென்றான். அவனையும் நம் மரபு தள்ளிவிடவில்லை. சட்டமும் இதில் மௌனமாக இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாசித் தலைவர்கள்மீது நடந்த நூரம்பர்க் விசாரணைகளைத் தொடர்ந்து 1950இல் வகுக்கப்பட்ட கோட்பாடுகள், மனச்சான்றின்படி தெரிவு செய்ய ஒருவனுக்கு உண்மையில் இடமிருந்திருந்தால், மேலதிகாரியின் கட்டளை என்பது அவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்கின்றன. ஆகவே உங்கள் மாணவரிடம் மறுப்பைப் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். அந்தச் சிப்பாய்க்கு எவ்வளவு இடம் இருந்தது என்று கேளுங்கள். கட்டளையை எழுத்தில் தரும்படி கேட்கலாம். ஒரு பெயரைத் தாண்டலாம். நோயாளி இருக்கும் லயத்துக் காம்பிராவை (அறையை) காலி என்று எழுதலாம். இவை எதற்கும் வழி இருந்தும் செய்யாதவனையும், வழியே இல்லாதவனையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

கேள்வி: இருண்ட எதிர்காலக் கதை என்றால் இயந்திரங்கள், ட்ரோன்கள் எல்லாம் கட்டாயம் வேண்டுமா?
– மாணவர், மாத்தளை

பதில்: ஒரு ட்ரோன் போதும். அதைவிட அச்சம் தருவது, பறித்த கொழுந்தை நிறுத்துப் போடும் நிறைக்கணக்கு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடும் வழக்கத்தை ஆணையம் தண்ணீருக்கும் மருந்துக்கும் நீட்டினால் என்னவாகும் என்று எழுதுங்கள். படையில் சேர்வது கட்டாயம் என்று வைத்தால், இலங்கையில் இதுவரை கட்டாய இராணுவ சேவை இருந்ததில்லை என்பதால், அது எப்படி வந்தது என்பதை ஒரு வரியிலாவது சொல்லிவிடுங்கள். வயதையும் 18க்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் அது சிறுவர் போராளியின் கதையாகிவிடும், அதற்கு வேறு பொறுப்புகள் உண்டு.