எகிப்துக் கோயில்களுக்குக் குழுவாகப் போகிறவர்களின் கேள்விகள்

எகிப்து குழுச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு, குழுக்களை அங்கே அழைத்துப் போய்வருபவள் என்ற முறையில் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எட்டு நாள் திட்டத்தில் கெய்ரோவுக்கு நான்கு நாள், லக்சருக்கு ஒன்றரை நாள் போட்டிருக்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது, மாற்றச் சொல்லுங்கள். லக்சரில் நைலுக்குக் கிழக்கே கர்னக் கோயிலும் லக்சர் கோயிலும். மேற்கே அரசர்களின் கல்லறைகள் இருக்கும் அரசர்களின் பள்ளத்தாக்கு, அரசி ஹத்ஷெப்சுட்டின் கோயில், மெதினெத் ஹாபு கோயில். ஒன்றரை நாளில் இவற்றில் தலையைக் காட்டிவிட்டு வரலாம், அவ்வளவுதான். கர்னக்கின் பெரிய மண்டபத்தில் மட்டும் 134 தூண்கள். நடுவிலுள்ள 12 தூண்கள் ஏறக்குறைய 21 மீட்டர் உயரம். நின்று அண்ணாந்து பார்த்தால் மேலே பழைய வண்ணம் இன்னும் தெரியும். கைடின் கொடிக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் கண்ணில் அது படாது. திட்டத்தில் எத்தனை இடம் என்று எண்ணாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணி நேரம் நிற்போம் என்று கேளுங்கள்.

கேள்வி: அபு சிம்பலுக்கு அஸ்வானிலிருந்து விடியுமுன் கிளம்ப வேண்டுமாமே? அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் போங்கள். பாலைவனச் சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்; பேருந்திலேயே தூங்கிக்கொள்ளலாம். இரண்டாம் ராம்சேஸ் என்ற அரசன் மலையைக் குடைந்து எடுத்த கோயில் அது. அஸ்வான் உயர் அணையால் தண்ணீரில் மூழ்க இருந்ததை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் நான்கு சிலைகளில் ஒன்றின் மேற்பாதி பழங்காலத்திலேயே உடைந்து விழுந்துவிட்டது. இடம் மாற்றியபோது அந்தத் துண்டுகளைக்கூட விழுந்து கிடந்தபடியே வைத்தார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். பிப்ரவரி 22, அக்டோபர் 22 தேதிகளில் காலை வெயில் கருவறைவரை போகும். அன்று கூட்டம் நெரியும் என்பதால் வயதானவர்கள் வேறு நாள் பார்ப்பதே நல்லது. அப்புறம், பக்கத்திலுள்ள சின்னக் கோயிலை விட்டுவிடாதீர்கள். அங்கே வாசலில் அரசி நெஃபர்தாரியின் சிலைகள் அரசன் சிலைகளின் உயரத்துக்கே நிற்கின்றன. எகிப்தில் இது அபூர்வம்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. பெரிய பிரமிடுக்குள் கூட்டிப்போகலாமா மேடம்?

பதில்: வேண்டாம். ஏறுவழி 1.2 மீட்டர் உயரம்தான். குனிந்தபடியே செங்குத்தாக ஏற வேண்டும். உள்ளே சித்திரமோ எழுத்தோ கிடையாது, மூடியில்லாத கருங்கல் பேழை மட்டும்தான். அம்மாவுக்கு லக்சரில் அரசர்களின் பள்ளத்தாக்கிலுள்ள நான்காம் ராம்சேஸின் கல்லறையைக் காட்டுங்கள். நுழைவாயிலுக்குப் பக்கம், சரிவும் குறைவு, சுவரெல்லாம் வண்ணம்.

கேள்வி: துட்டன்காமன் கல்லறைக்குத் தனி டிக்கெட் வாங்கலாமா?

பதில்: மம்மி அங்கேதான் இருக்கிறது. ஆனால் கல்லறை சின்னது, சித்திரம் ஓர் அறையில் மட்டும். பொன் முகமூடியும் மற்ற பொருள்களும் கிசாவிலுள்ள புதிய பெரிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், திறந்திருக்கும் பட்சத்தில் அதே பள்ளத்தாக்கிலுள்ள அரசன் முதலாம் சேத்தியின் கல்லறைக்கே கொடுப்பேன். படிகள் நிறைய, ஆனால் அந்தச் சிற்ப வேலைக்கு ஈடில்லை.

கேள்வி: கைடு கல்லறைக்குள் வரமாட்டாராமே, ஏன்?

பதில்: உள்ளே நின்று விளக்க அனுமதியில்லை. வெளியிலேயே படம் காட்டிச் சொல்லிவிடுவார், கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழர் தடயம் எதையாவது பார்க்க முடியுமா?

பதில்: செங்கடல் கரையில் குசெய்ர் அல் காதிமில் 'பானை ஒறி' (உறியில் வைக்கும் பானை) என்று தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்தது. பெரெனிகே துறைமுகத்தில், இந்தியப் பானையில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. இரண்டும் வழக்கமான குழுப் பாதையில் வராது.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

பதில்: நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. கோடையில் லக்சரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்தில் போனாலும் விடியற்காலைக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.