குளிர்காலத்தில் மாடல் விமான எஞ்சினை எப்படி வைப்பது?

குளோ எஞ்சினை (மெத்தனால் எரிபொருளில், சூடான கம்பியுள்ள குளோ பிளக்கால் பற்றவைத்து ஓடும் சிறு எஞ்சின்) குளிர்காலம் முழுக்க அப்படியே பெட்டியில் போட்டு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. எரிபொருளில் உள்ள மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் முதலில் துருப்பிடிப்பது பின்பக்க பேரிங்தான். கையால் சுழற்றும்போது நறநறவென்றால் சந்தேகமே வேண்டாம்.

கடைசி ஓட்டத்தில் எரிபொருள் குழாயைக் கிள்ளிப் பிடியுங்கள் (விரல் ப்ரொப்பெல்லர் பக்கம் போகாமல்!). மிச்சம் எரிந்து எஞ்சின் தானே நிற்கும். டேங்கையும் காலி செய்யுங்கள். அப்புறம் குளோ பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் (ஓட்டி முடித்தபின் துருப்பிடிக்காமல் இருக்க விடும் எண்ணெய்) விட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றுங்கள். எண்ணெய் பேரிங் வரை போக வேண்டும். பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தாதீர்கள். ஏபிசி வகையில் (அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை சிலிண்டர்) சிலிண்டர் அங்கே குறுகலாக இருப்பதால் இறுகிக்கொள்ளும்.

ஆமணக்கெண்ணெய் கலந்த எரிபொருள் என்றால் சில மாதங்களில் உள்ளே பிசினாகிவிடும். முரட்டுத்தனமாகத் திருப்பாமல் ஹேர் டிரையரால் சூடுகாட்டினால் இளகும்.