கையெழுத்து உங்களுடையது, டிக் யாருடையது?

கேள்வி: நான் பிறையில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 61. சேமநிதியில் எடுத்த பணத்தில் 60,000 வெள்ளியை எஃப்டியில், அதாவது நிரந்தர வைப்பில், போடலாம் என்று வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் உள்ளே ஓர் அதிகாரியிடம் அனுப்பினார். "இதில் எஃப்டியைவிடக் கூடக் கிடைக்கும் அங்கிள்" என்று சொல்லி அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒன்றரை வருடம் கழித்து என் மகள் பார்த்தபோதுதான் அது முதலீட்டுக் காப்புறுதி என்று தெரிந்தது. இப்போது எடுத்தால் 41,000 வெள்ளிதான் வருமாம். கிளையில் கேட்டால், "அந்த அதிகாரி வேலையை விட்டுவிட்டார், நாங்கள் என்ன செய்வது" என்கிறார்கள். மேலே இருப்பவர்களுக்குப் பொறுப்பே கிடையாதா?

பதில்: இருக்கிறது ஐயா. ஆனால் அது தானாக அவர்கள் தலையில் போய் உட்காராது, நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

உங்கள் மகள் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து நீல மையில் இருக்கிறது. "நஷ்டம் வந்தாலும் ஏற்பேன்", "பத்து ஆண்டுக்கு இந்தப் பணம் தேவையில்லை" என்ற இரண்டு கட்டங்களிலும் டிக் மட்டும் கறுப்பு மை. அதிகாரியின் கையெழுத்தும் கறுப்பு மை. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் 61 வயதில், எஃப்டி கேட்டு வந்தவர், அந்த இரண்டு கட்டத்திலும் டிக் போட்டிருப்பாரா என்று யாருக்கும் சந்தேகம் வரும். அந்தப் படிவத்தைப் பத்திரமாக வையுங்கள், யார் கேட்டாலும் நகலை மட்டும் கொடுங்கள். பாலிசியை சரண்டர் செய்து பணத்தை எடுக்கவும் அவசரப்படாதீர்கள். சரண்டர் படிவத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருந்தால், அதோடு உங்கள் வாய் அடைபட்டுவிடும்.

அதிகாரி போய்விட்டார் என்பதெல்லாம் ஒரு பதிலா? அவர் சந்தையில் கடை விரித்து விற்றவர் இல்லை. வங்கியின் நாற்காலியில் உட்கார்ந்து, வங்கி கொடுத்த டார்கெட்டுக்காக விற்றார். கமிஷன் வங்கிக்கும் போனது. அந்த டார்கெட்டைப் போட்டவர்கள் பட்டர்வொர்த் கிளையில் இல்லை, கோலாலம்பூர் தலைமையகத்தில் இருக்கிறார்கள்.

அதனால் கிளை மேலாளருக்கு எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். தலைமையகத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, தலைமைச் செயல் அதிகாரிக்கும் இயக்குநர் வாரியத் தலைவருக்கும் பெயர் போட்டுப் பதிவுத் தபாலில் நகல் அனுப்புங்கள். வங்கி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால் பெயர்கள் அதன் ஆண்டறிக்கையில் இருக்கும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதும் அதே அறிக்கையில் உண்டு.

இவ்வளவு மெனக்கெடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்படி, வங்கி இயக்குநரும் தலைமைச் செயல் அதிகாரியும் அந்தப் பதவிக்குத் தகுதியும் நேர்மையும் உள்ளவர்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அவர்களைப் பதவியிலிருந்து நீக்கலாம். வாடிக்கையாளரை நியாயமாக நடத்தும் பொறுப்பை வாரியத்தின் மேலும் மூத்த நிர்வாகத்தின் மேலும் வைத்து 2019-இல் பேங்க் நெகாரா ஒரு கொள்கை ஆவணமும் வெளியிட்டது. இதிலெல்லாம் மேலே இருப்பவர் நழுவும் வழி ஒன்றுதான்: "இது என் கவனத்துக்கே வரவில்லை." தேதியோடு போய்ச் சேர்ந்த கடிதம் அந்த வழியை அடைக்கும்.

கடிதத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் படிவத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தந்தவர் யார்? அதே அதிகாரி அதே திட்டத்தை இன்னும் எத்தனை ஓய்வு பெற்றவர்களுக்கு விற்றார்? அவருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் கொடுத்த ஊக்கத்தொகை திரும்பப் பெறப்பட்டதா? ஒழுங்கான பதில் வராமல் போகலாம். கேட்டது பதிவாகும்.

"இதுவே எங்கள் இறுதி முடிவு" என்று வங்கியிடமிருந்து கடிதம் வந்தால், அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையிடம் போக வேண்டும். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறுகளைத் தீர்க்க 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் அமைப்பு இது. கட்டணம் இல்லை, 250,000 ரிங்கிட் வரையிலான நஷ்டத்தை விசாரிப்பார்கள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மனம் உடைந்து அலமாரியில் போட்டு, ஆறு மாதத்தைத் தவறவிட்டவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அங்கே உங்கள் பணத்துக்கு வழி பிறக்கலாம், யாருக்கும் தண்டனை கிடைக்காது. அதற்கு பேங்க் நெகாராவிடமும் தனியாகப் புகார் செய்யுங்கள்: 1-300-88-5465. ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதச் சிரமமாக இருந்தால், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், மற்ற வாசகர்களுக்கும் ஒன்று. இந்த வகைப் பாலிசி கைக்கு வந்த 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். வீட்டில் பிள்ளைகளிடம் அன்றைக்கே காட்டுங்கள்.

கேள்வி: வங்கிகள் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுகின்றன. தலைவர்கள் ஏன் உள்ளே போவதில்லை? (வாசகி, செந்தூல்)

பதில்: அபராதம் சுலபம் என்பதால்தான் சகோதரி. 1எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டு நிறுவனத்தின் பணம் சுருட்டப்பட்ட விவகாரத்தில், கோல்ட்மன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியின் இந்நாள், முன்னாள் இயக்குநர்கள் 17 பேர் மீது 2019-இல் நம் நாட்டில் குற்றம் சாட்டினார்கள். 2020-இல் 3.9 பில்லியன் டாலருக்கு உடன்பாடு வந்தது, வழக்குகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. அந்த வங்கியின் முன்னாள் அதிகாரிகளான ரோஜர் இங், டிம் லைஸ்னர் இருவருக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. ரோஜர் இங்குக்கு அமெரிக்காவில் 2023-இல் 10 ஆண்டு சிறை விதித்தார்கள். இங்கே அதே விவகாரத்தில் ஆம்பேங்க் 2021-இல் 2.83 பில்லியன் ரிங்கிட் கட்ட ஒப்புக்கொண்டது.

அந்த மாதிரித் தொகை யார் பணம்? பங்குதாரர் பணம். நாட்டின் பெரிய வங்கிகளில் ஊழியர் சேமநிதி வாரியத்துக்குப் பங்கு இருக்கிறது. அப்படிப்பட்ட வங்கி அபராதம் கட்டும்போது, செந்தூலில் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கும் நீங்களும் அதில் ஒரு துளி கட்டுகிறீர்கள். முடிவெடுத்தவர் கட்டுவதில்லை. எனக்கு இதில்தான் கோபம்.

அவர்களையே கட்ட வைக்க முடியும். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஊழியர்கள் டார்கெட்டுக்காக வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறந்தார்கள். முதலில் வேலை போனது கீழ்மட்ட ஊழியர்கள் உட்பட சுமார் 5,300 பேருக்கு. பிறகு தலைவர் ஜான் ஸ்டம்பின் பங்குகளையும் வெகுமதியையும் பிடுங்கினார்கள். 2020-இல் அவர் சொந்தப் பணத்தில் 17.5 மில்லியன் டாலர் கட்டினார், ஆயுளுக்கும் வங்கித் தொழிலுக்கு வர முடியாது என்றும் ஆனது. சிறை இல்லைதான். ஆனாலும் அது அவருடைய பையிலிருந்து போன பணம்.

நம் ஊரிலும் லஞ்ச விஷயத்தில் சட்டம் இறுகியிருக்கிறது. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்துக்காக லஞ்சம் கொடுக்கப்பட்டால் இயக்குநரும் குற்றவாளியாகக் கருதப்படுவார். தனக்கு அதில் சம்மதம் இல்லை, தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். பிறை ஐயாவுக்கு நடந்தது போன்ற விற்பனை மோசடிக்கும் இதே அளவு இறுக்கமான பிரிவு வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை, உங்கள் பெயரில் ஒரு வங்கியின் 100 பங்கு இருந்தாலே போதும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்: "வாடிக்கையாளர் புகார்களுக்காகப் போன வருடம் எந்த மூத்த அதிகாரியின் போனஸ் குறைக்கப்பட்டது?"