மறுபடியும் ஒரே மரமா?

கேள்வி: எங்கள் தெருவில் வரிசையாக நின்ற ஒரே வகை மரங்கள் அத்தனையும் வண்டு துளைத்துப் பட்டுப்போயின. அதே வகையையே மறுபடி நடச் சொல்கிறார்கள் பெரியவர்கள். சரியா?

பதில்: வேண்டாம். அவர்களுடைய ஆசை எனக்குப் புரிகிறது. நான் நட்டு வளர்த்த பதினாறு மரங்களை ஒரே கோடையில் வெட்டியபோது அழுதிருக்கிறேன். ஆனால் அமெரிக்க நகரங்களில் நடந்ததைப் பாருங்கள். பட்டை வண்டு பரப்பிய பூஞ்சை நோயில் எல்ம் மரங்கள் போயின. அந்த இடங்களில் நிறைய ஆஷ் மரங்களை நட்டார்கள். 2002-ல் டெட்ராய்ட் அருகே மரகதப் பச்சை நிற வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஆஷும் கோடிக்கணக்கில் அழிந்தது.

மரபியலாளர் ஃபிராங்க் சான்டமோர் 1990-ல் சொன்ன கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: நகர மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) 20, ஒரே குடும்பம் (உறவுள்ள பேரினங்களின் தொகுப்பு) 30. உறவு மரங்களுக்கும் தாவுகிற பூச்சிகள் உண்டு என்பதால்தான் குடும்பம் வரை பார்க்கிறோம்.

அப்புறம், குழியை வேர்க்கட்டியைவிட (கன்றின் வேரும் அதைச் சுற்றிய மண்ணும்) இரண்டு மூன்று மடங்கு அகலமாக எடுங்கள். ஆழம் வேர்க்கட்டி அளவு போதும். தண்டு விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முதல் இரண்டு வருடம் தண்ணீர் ஊற்ற, கன்றுக்கு ஒரு வீட்டைப் பொறுப்பாக்குங்கள்.