கதவுக்குப் பக்கத்து வாங்கு

அன்புள்ள ஐயா,

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, பூசைக்குப் போனால் பிள்ளைகளுடன் வாசற்கதவுக்குப் பக்கத்து வாங்கிலேயே இருக்கிறேன். அறிமுகமில்லாத ஒருவர் பையுடன் உள்ளே வந்தால் என் செபம் நின்றுவிடுகிறது. திருப்பாடல் 91ஐச் சொன்னால் எந்தத் தீங்கும் அணுகாது, பயப்படுவது விசுவாசக் குறைவு என்று உறவினர்கள் கூறுகிறார்கள். அப்படித்தானா?

ஒரு வாசகி, பாஷையூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அப்படியல்ல. 1995 யூலை 9ஆம் நாள், போரின் நடுவே, யாழ்ப்பாணத்து நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் இறந்தவர்கள் உயிர்ப்புப் பெருவிழாவுக்கென்று வந்தவர்கள். அவர்களுடைய விசுவாசம் குறைவாயிருந்தது என்று சொல்ல நம் எவருக்கும் வாய் வரக்கூடாது.

திருப்பாடல் 91 எனக்கும் பிரியமானதே. ஆனால், ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி இயேசுவைத் தூண்டிய அலகை எடுத்துக்காட்டியதும் அதே பாடலைத்தான் என்று மத்தேயு எழுதுகிறார். இயேசு அதைத் தமக்கான காப்புறுதிப் பத்திரமாக ஏற்கவில்லை. பின்பு கெத்சமனியில் அவரே துயரமும் கலக்கமும் கொண்டு முகங்குப்புற விழுந்து, துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று மன்றாடினார். சீடர் மூவரைத் தம்மோடு விழித்திருக்கும்படியும் கேட்டார். ஆண்டவரே கலங்கிய இடத்தில் நீங்கள் கலங்குவதை யார் குறை சொல்வது?

திருப்பாடல் 23ஐ ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். பசும்புல்லும் அமைதியான நீரும் உள்ள வரிகளில் ஆண்டவர் 'அவர்' என்றே குறிக்கப்படுகிறார். சாவின் இருள்சூழ்ந்த பள்ளத்தாக்குக்குள் கால் வைத்தவுடன் அந்த 'அவர்' 'நீர்' ஆகிவிடுகிறார். பள்ளத்தாக்கு இல்லாமற் போவதில்லை. அதுவரை அவரைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன், அங்கே அவருடனேயே பேசத் தொடங்குகிறான். பாதுகாப்பு என்ற சொல்லை நான் இந்தப் பொருளில்தான் விளங்கிக்கொள்கிறேன்.

எனக்கு இதை முதலில் காட்டியவர் என் அம்மம்மா. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து மழையில் நாவற்குழி வீதியால் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தபோது, அவர் செபமாலையை எங்கள் இருவரது உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து என் கையை இறுகப் பிடித்திருந்தார். 'அருள் நிறைந்த மரியே' என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. திரும்பத் திரும்ப அந்த மூன்று சொற்களையே சொன்னார். அவருடைய கை நடுங்கியது. ஆனாலும் பிடி தளரவில்லை. விடிய நாங்கள் கைதடியை அடைந்தபோது என் உள்ளங்கையில் மணிகளின் அச்சு வரிசையாகப் பதிந்திருந்தது.

ஆகவே, சகோதரி, வரும் ஞாயிறும் பிள்ளைகளுடன் அந்த வாங்கிலேயே இருங்கள். செபம் நின்றுபோகும் வேளையில், "ஆண்டவரே, எனக்குப் பயமாயிருக்கிறது" என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.