குட்டைக் குழல் ரிவால்வரில் குறி தப்புவது ஏன்?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். ரூகர் எல்சிஆர் .22 ரிவால்வர் வாங்கினேன். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் 7 யார்டு (சுமார் 6.4 மீட்டர்) தூரத்திலேயே குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகின்றன. பெரும்பாலும் இடப்பக்கம், கீழே. நண்பரின் கனமான ரிவால்வரில் நன்றாகவே சுடுகிறேன். குழல் குட்டை என்பதுதான் காரணமா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். குழல் குட்டை என்பதற்காக மட்டும் குண்டு இவ்வளவு சிதறாது. முதலில் மணல்மூட்டை மேல் கையை ஊன்றி, நிதானமாக ஒரு சுற்று சுட்டுப் பாருங்கள். குண்டுகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தால் துப்பாக்கியில் குறையில்லை.

அப்புறம் எங்கே சிக்கல்? எடையில். உங்கள் ரிவால்வர் சுமார் 420 கிராம். அதன் ட்ரிக்கரை இழுக்கவோ நான்கு கிலோவுக்கு மேல் விசை வேண்டும். விரல் அந்த விசையைக் கொடுக்கும்போது, இறகு மாதிரி இருக்கும் துப்பாக்கியும் கூடவே நகர்கிறது. .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள் இருப்பதால், அதை நசுக்கப் பலமான அடி தேவை. அதற்கேற்ற ஸ்பிரிங்கும் தேவை. ஆகவே பெரிய தோட்டா போடும் இதே எல்சிஆரின் .38 மாடலைவிட இதில் ட்ரிக்கர் கடினம். சின்னத் தோட்டா என்பதால் சுடுவதும் சுலபம் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. உதைப்பு குறைவு என்ற அளவில் அது சரி, அவ்வளவுதான்.

குறி பார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முன் குறிக்கும், கண்ணுக்கு அருகே இருக்கும் பின் குறிக்கும் இடைவெளி குறைவு என்பதும் சேர்ந்துகொள்கிறது. இடைவெளி 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் குறி 1 மில்லிமீட்டர் விலகினால், 7 யார்டில் குண்டு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். 20 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள துப்பாக்கியில் அதே தவறு பாதிதான்.

நீங்கள் வலக்கைக்காரர் என்றால், இடது கீழ் என்பது ட்ரிக்கரை வெடுக்கென்று இழுப்பதன் அடையாளம். ரேஞ்சிலேயே சோதிக்கலாம். சிலிண்டரின் எட்டுத் தோட்டா அறைகளில் நான்கில் தோட்டா, நான்கில் சுட்ட வெற்றுக்கூடு போட்டு, எது எங்கே என்று பார்க்காமல் சிலிண்டரைச் சுழற்றி மூடுங்கள். குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். வெற்றுக்கூட்டில் 'டிக்' என்று சத்தம் வரும்போது முன் குறி முங்குகிறதா? கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். விரலின் நுனிச் சதைக்குப் பதிலாக முதல் மடிப்பை ட்ரிக்கரில் வைத்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக இழுத்துப் பழகுங்கள். வீட்டில் பழகுவதானால் உண்மைத் தோட்டா நீங்கள் நிற்கும் அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. டம்மி தோட்டா மட்டும்.

தோட்டா பிராண்டையும் மாற்றிப் பாருங்கள். .22 துப்பாக்கிகளுக்கு அந்த விஷயத்தில் நாக்கு நீளம். ஒன்று பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. அறைகளில் கரி படிந்தால் தோட்டா முழுசாக உள்ளே இறங்காமல் பின்னால் உரசும், ட்ரிக்கர் இன்னும் கனக்கும். ரேஞ்சுக்குப் போகும்போது சின்ன பிரஷ் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

சட்டைப் பையில் வைக்கும் தேவை இல்லை, இலக்குப் பயிற்சிதான் நோக்கம் என்றால் மட்டும் மாற்றுவதை யோசிக்கலாம். 3 அங்குலக் குழல் உள்ள எல்சிஆர்எக்ஸ் .22 மாடலில் பின் குறியைத் திருத்தலாம், சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்து லேசான ட்ரிக்கரிலும் சுடலாம்.